புகைத்தவர் குடியிருந்த வீடு: விலை பேசுமுன் முகர்ந்து பாருங்கள்

வீடு வாங்கப் போகும்போது நம்மவர்கள் விசாரிக்காத விடயமே இல்லை எனலாம். உறுதி எத்தனை கை மாறி வந்தது என்று தேடுவோம். எல்லைக் கல்லைப் பார்ப்போம். வீதிக்கோடு எங்கே விழுகிறது என்று சபையில் கேட்போம். மழைக்கு வெள்ளம் ஏறுமா, கிணற்றுத் தண்ணீர் நல்லதா, பாடசாலை எவ்வளவு தூரம் என்றெல்லாம் அயலவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஆனால் இந்த வீட்டுக்குள் இருந்து யாராவது வருடக்கணக்காகச் சிகரட் புகைத்தார்களா என்று கேட்பவரை நான் கண்டதில்லை. கேட்டால் தரகர் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பின் விலையைப் புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவர் 2017இல் தெரிந்துகொண்டார். தெஹிவளையில் நான்காம் மாடியில் மூன்று அறைகள் கொண்ட ஒரு தொடர்மாடி வீடு. கடற்காற்று, நல்ல வெளிச்சம், விலையும் பரவாயில்லை. உள்ளே நுழைந்தபோது ஒரு பழைய வாடை இருந்தது. குடியிருந்தவர் தனி ஆள், பகலிலும் ஏ.சி. போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தவர். "ஹாஜியார், இது பூட்டிக் கிடந்த மணம். ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போயிரும்" என்றார் தரகர். நண்பர் இரண்டு இலட்சம் குறைத்துப் பேசி, அதிலேயே திருப்திப்பட்டு முற்பணத்தைக் கொடுத்துவிட்டார்.

உறுதி முடிந்தது. வீடு முழுவதும் வெள்ளை எமல்சன் அடித்தார்கள். புதுப் பெயின்டின் மணத்தில் பழைய வாடை தெரியவில்லை. குடிபோய் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் அவருடைய மனைவி படுக்கையறைச் சுவரைக் காட்டி, "இஞ்ச பாருங்க, செவர் வேர்க்குது" என்றார். வெள்ளைச் சுவரில் தேநீர்க் கறை போல மஞ்சள் சொட்டுகள். சீலிங்கில் பழுப்புத் திட்டுகள். வாடையும் திரும்பி வந்திருந்தது. சின்ன மகளுக்கு ஏற்கெனவே முட்டு வருத்தம் உண்டு. இரவில் இழுப்பு கூடிவிட்டது. வாடகை வீட்டை இன்னும் ஒப்படைக்காதது நல்லதாய்ப் போயிற்று என்று அங்கேயே திரும்பிப் போய் இரண்டு மாதம் இருந்தார்கள்.

கணக்கைச் சொல்கிறேன். முதலில் அடித்து வீணான பெயின்ட்டும் கூலியும் ஒன்றரை இலட்சம். இரண்டாம் முறை கழுவி, அடிப்பூச்சு கொடுத்து, திரும்ப அடித்தது இரண்டு இலட்சத்து அறுபதாயிரம். கழுவியும் வாடை போகாத இரண்டு ஏ.சி.களை மாற்றியது இரண்டு இலட்சத்து இருபதாயிரம். வாடகை தொண்ணூறாயிரம். மொத்தம் 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு பெயின்டும் கூலியும் போன போக்கைப் பார்த்தால் இதே வேலைக்கு இன்று எவ்வளவு வரும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் குறைத்துப் பேசியதோ இரண்டு இலட்சம்.

சரக்கெடுக்கும்போது ஒரு புடவைக் கட்டைப் பிரித்து, நடுவில் பூசணம் இருக்கிறதா என்று பார்க்கிற மனிதர் அவர். வீட்டில் மட்டும் பெயின்ட் போதும் என்று நம்பிவிட்டார்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

சிகரட் புகை வெறும் காற்றல்ல. அதில் தாரும் நிக்கொட்டினும் வேறு நூற்றுக்கணக்கான பொருட்களும் மிக நுண்ணிய துளிகளாகவும் ஆவியாகவும் மிதக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற புகை சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஆனால் அந்தத் துளிகள் எங்கேயாவது படியத்தான் வேண்டும். சுவரில், சீலிங்கில், திரைச்சீலையில், மெத்தையில், மின்விசிறியின் இலையில், அலுமாரியின் உட்பக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. நிக்கொட்டின் பிசுபிசுப்பானது, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சிமெந்துப் பூச்சு, மரம், துணி, பஞ்சு போன்றவை நுண்துளைகள் உள்ளவை. அவற்றின் மேலே மட்டுமல்ல, உள்ளேயும் போய்விடுகிறது. பின்னர் வெயில் ஏறும்போதும் ஈரப்பதன் கூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. வீட்டைப் பூட்டி வைத்தால் வாடை கூடுவதற்கும், மழைக்காலத்தில் திரும்பி வருவதற்கும் காரணம் இதுதான்.

நண்பரின் சுவர் "வேர்த்த" கதையும் இதுவே. எமல்சன் என்பது தண்ணீர் கலந்த பெயின்ட். சுவரில் படிந்திருக்கும் மஞ்சள் படிவின் ஒரு பகுதி தண்ணீரில் கரையக்கூடியது. கழுவாத சுவரில் எமல்சனை அடித்தால் அது அந்தப் படிவைக் கரைத்து, காயும்போது தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. மூன்று கோட் அடித்தாலும் மூன்றிலும் கறை ஏறும். வோல் பில்லர் பூசினால் தப்பலாம் என்று சில பெயின்ட்காரர்கள் சொல்வார்கள். அதுவும் தண்ணீரில் குழைத்துப் பூசுவதுதான், கறையை அதுவும் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தப் படிவுக்கு இப்போது ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மூன்றாம் கைப் புகை. புகைப்பவர் இழுப்பது முதலாவது, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாவது, புகை போன பின்னும் பொருட்களில் தங்கி நிற்பது மூன்றாவது. 2009இல் அமெரிக்கச் சிறுபிள்ளை வைத்தியர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலாயிற்று. 2010இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் இன்னொன்றைக் காட்டினார்கள். பொருட்களில் படிந்த நிக்கொட்டின், காற்றில் இருக்கும் நைத்திரசு அமில ஆவியோடு சேர்ந்து நைத்திரோசமைன்கள் என்ற புதுப் பொருட்களாக மாறுகிறது. இவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை உண்டு. அந்த ஆவி எங்கிருந்து வருகிறது? வாகனப் புகையிலிருந்தும், புகைபோக்கி இல்லாமல் எரியும் எரிவாயு அடுப்பிலிருந்தும் வருகிறது. இரண்டும் கொழும்பு வீடுகளுக்குப் புதியவை அல்ல.

வீடு வாங்குபவருக்கு நேரடியாகப் பொருந்துகிற ஆய்வு 2011இல் வந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் புகைப்பவர்களின் 100 வீடுகளையும் புகைக்காதவர்களின் 50 வீடுகளையும் குடியிருந்தவர்கள் வெளியேறுமுன் பரிசோதித்தார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் புகைக்காத குடும்பங்கள் புதிதாக வந்த பின் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். புகைத்தவர் இருந்த வீடுகள் இரண்டு மாதமளவில் வெறுமையாகக் கிடந்து, புதியவர்களுக்காகச் சுத்தம் செய்யப்பட்டவை. சிலவற்றில் புது விரிப்பும் புதுப் பெயின்டும் கூட. இருந்தும் தூசியிலும் சுவர்களிலும் நிக்கொட்டின் மற்ற வீடுகளை விடக் கூடுதலாக இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல்களிலும் அது காணப்பட்டது. முன்பிருந்த அளவை விடக் குறைந்திருந்தது உண்மை. புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வதற்கு இது சமமல்ல. ஆனால் தரையில் தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தைக்கு முதலில் கிடைப்பது இந்தத் தூசிதான். முட்டு வருத்தமுள்ள பிள்ளையோ வயதான உம்மாவோ வீட்டில் இருந்தால் இதை வெறும் வாடை என்று தள்ளிவிட முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது

முதல் கருவி மூக்கு. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு: சில நிமிடங்களில் பழகிவிடும். ஆகவே வாசற்கதவு திறந்த முதல் நிமிடத்தில் என்ன மணம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, விலை பேசி, தேநீரும் குடித்த பிறகு முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. புகைப்பவருக்கு இந்த வாடை பெரும்பாலும் பிடிபடுவதில்லை. நீங்கள் புகைப்பவரானால் உங்கள் மூக்கை நம்பாமல் புகைக்காத ஒருவரை அழைத்துப் போங்கள். பெண்களை வீடு பார்க்கக் கூட்டிப் போகாமல் ஆண்களே போய் முடித்துவிடும் பழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. இந்த விடயத்தில் அது நட்டம்.

இரண்டாம் முறை, முன்னறிவித்தல் கொடுக்காமல், பகல் இரண்டு மணி வெயிலில் போங்கள். ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் சாம்பிராணிப் புகையும் வாசனைத் தெளிப்பானுமாக இருந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டில் யார் சாம்பிராணி போடுகிறார்கள்?

பிறகு கண். சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தையோ சட்டகத்தையோ அனுமதி கேட்டு மெல்ல நகர்த்திப் பாருங்கள். பின்பக்கச் சுவர் வெளிறியும் சுற்றிவரப் பழுப்பாகவும் இருந்தால் அந்த அறையின் காற்றில் எதுவோ நெடுங்காலம் இருந்திருக்கிறது. ஒரு நாற்காலியில் ஏறி மின்விசிறியின் இலையின் மேற்பக்கத்தைத் தடவுங்கள். சாதாரணத் தூசி உதிரும். புகை படிந்த தூசி மஞ்சளாக விரலில் ஒட்டும். ஜன்னல் கட்டை, பல்கனி விளிம்பு, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மேற்பக்கம் ஆகிய இடங்களில் சிகரட் வைத்து எரிந்த தழும்புகள் இருக்கும். அலுமாரிக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு முகருங்கள். வீட்டுக்காரர் எல்லா இடத்தையும் கழுவியிருப்பார், அலுமாரிக்குள் கழுவியிருக்க மாட்டார்.

ஏ.சி.யை விட்டுவிடாதீர்கள். அறைக்குள் இருக்கும் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறையின் காற்றையே சுற்றிச் சுற்றி இழுத்துக் குளிராக்கித் தள்ளுகிறது. பத்து வருடம் அந்த அறையில் புகைத்தால் பத்து வருடப் புகையும் அதன் வடிகட்டிக்குள்ளும் தகடுகளுக்கிடையிலும் போய் வந்திருக்கிறது. அதைப் போட்டு ஐந்து நிமிடம் கீழே நின்று பாருங்கள்.

இதற்கும் மேல் உறுதிப்படுத்த வேண்டுமானால் ஒரு வெள்ளைத் துணியும் சின்னப் போத்தலில் வினாகிரியும் கொண்டு போங்கள். துணியை நனைத்து, கதவின் பின்பக்கம் போன்ற மறைவான இடத்தில், சுவரின் மேற்பகுதியில் ஓர் அடி துடையுங்கள். துணியில் மஞ்சள் பழுப்பு நிறம் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒரே இடத்தில் துடைத்து முடிவுக்கு வர வேண்டாம். நுளம்புத் திரி, விறகடுப்பு, சமையல் எண்ணெய்ப் புகை ஆகியவையும் கறை வைக்கும். பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் சுவிட்ச்சுகள் புகை இல்லாமலே வயதுக்கு மஞ்சளாகும். ஆனால் அந்த மஞ்சள் துணியில் வராது. குசினிச் சுவர் மஞ்சளானால் அது எண்ணெய். படுக்கையறைச் சீலிங் மஞ்சளானால் யோசியுங்கள்.

வீடு புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால் எப்போது, எதற்கு அடித்தீர்கள் என்று கேளுங்கள். விற்பவர் வீட்டை அழகாகக் காட்டுவதில் தவறில்லை. பெயின்ட் புதிது, சீலிங் புதிது, திரைச்சீலை புதிது, ஆனால் குளியலறைக் குழாய் பழையது, சமையலறைப் பலகை பழையது என்றால்தான் பழுதானதை விட்டுவிட்டு மணப்பதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

வாகன வியாபாரிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனத்துக்கு ஏலத் தாள் கேட்கிறோம். அதில் உட்பக்கத்துக்குத் தனித் தரம் போட்டிருக்கும். இருக்கையில் சிகரட் சுட்ட ஓட்டை இருந்தாலும் குறித்திருக்கும். அதை வைத்து விலையைக் குறைக்கிறோம். வீட்டுக்கு ஏலத் தாள் இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவாரே என்று நினைக்க வேண்டாம். காணியின் பேர்ச்சஸ், வீதி, கட்டடத்தின் சதுர அடி, வயது, நிலைமை ஆகியவற்றை வைத்தே அவர் பெறுமதி போடுகிறார். வாடையை அவர் எழுதுவதில்லை. வட்டிக் கடனானாலும் இஸ்லாமிய வங்கியின் பங்குடைமை முறையானாலும் இதில் வித்தியாசமில்லை.

விலையில் எப்படிக் கழிப்பது

"எப்படியும் நீங்கள் பெயின்ட் அடிக்கத்தானே போகிறீர்கள்" என்பது விற்பவர் சொல்லப்போகும் முதல் பதில். அதில் நியாயமும் உண்டு. ஆகவே கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். வழமையான இரண்டு கோட் பெயின்ட் உங்கள் செலவு. சுவரும் சீலிங்கும் கழுவும் கூலி, கறை தடுக்கும் அடிப்பூச்சு, அலுமாரி உட்பக்கம், ஏ.சி. சுத்தம் அல்லது மாற்றம், வேலை முடியும்வரை நீங்கள் கொடுக்கும் வாடகை ஆகியவை அவருடைய வீட்டின் குறையால் வருவன. அதைத்தான் விலையில் கேட்க வேண்டும்.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவர்களும் 440 சதுர அடி, சீலிங் 120, மொத்தம் 560. கதவு ஜன்னலுக்கு 60 கழித்தால் 500 சதுர அடி. ஒரு லீற்றர் பெயின்ட் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி பிடிக்கும் என்று வைத்தால், அடிப்பூச்சுக்கு 5 லீற்றர், மேலே இரண்டு கோட்டுக்கு 10 லீற்றர். 120 சதுர அடித் தரைக்கு 500 சதுர அடி வேலை என்பதைக் கவனியுங்கள். "சின்ன வீடுதானே" என்று மனக்கணக்குப் போடுபவர்கள் தவறுவது இங்கேதான். அறை அறையாக அளந்து, ஒரு பெயின்ட்காரரைக் கூட்டிப் போய் எழுத்தில் விலை வாங்குங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசினால் பேச்சு வேறு விதமாகப் போகும். "வாடை அடிக்கிறது, குறையுங்கள்" என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள்.

அடுத்து, வாங்குவது என்ன என்பதையும் பாருங்கள். கொழும்பிலோ கண்டி நகரிலோ தனி வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காணிக்கே போகிறது. ஆறு பேர்ச்சஸ் காணியில் நிற்கும் பழைய வீட்டில் புகை வாடை இருந்தால் அது ஒரு வாய்ப்பு என்றே சொல்வேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் கணக்கோடு பேசலாம். தொடர்மாடி வீடு அப்படியல்ல. அங்கே நீங்கள் வாங்குவதே நான்கு சுவருக்குள் இருக்கும் இடத்தைத்தான். அதோடு, உங்கள் வீட்டை எவ்வளவு கழுவினாலும் கீழ்மாடிக்காரர் பல்கனியில் நின்று புகைத்தால் உங்கள் அறைக்கே வரும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில்தான் புகைத்தலைத் தடுக்கிறது. ஒருவருடைய சொந்த வீட்டுக்குள் அது வராது. ஆகவே மேல், கீழ், பக்கத்து வீட்டாரைப் பற்றியும் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

"தளபாடங்களோடு தருகிறேன்" என்பது இன்னொரு வலை. சோபா, மெத்தை, திரைச்சீலை, தரைவிரிப்பு இவைதான் புகையைக் கூடுதலாகக் குடித்து வைத்திருப்பவை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏற்றுக்கொண்டால், அகற்றும் கூலியும் உங்கள் தலையில். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றை அகற்றித் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதுங்கள்.

எழுதுவது பற்றிச் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி, வீடு விற்பனை மட்டுமல்ல, விற்பதற்கான உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் இருக்க வேண்டும். தரகர் வாயால் சொன்ன எதுவும் அங்கே நிற்காது. நம் நாட்டில் காணி விற்பனைக்குப் பொருந்தும் ரோமன்-டச்சுச் சட்டத்தில், மறைந்திருந்த குறைக்கு விற்றவரைக் கேட்க வழியுண்டு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு வழியில்லை. வாடை எந்த வகை? நீங்கள் வீட்டுக்குள் நின்று முகர்ந்துவிட்டு வாங்கினீர்கள் என்று மறுபக்கச் சட்டத்தரணி கேட்பார். பெயின்டால் மறைத்தார்கள் என்று நிரூபிக்கப் போனால் வருடங்கள் ஓடும். என் நண்பரும் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தார். வழக்குச் செலவு பெயின்ட் செலவை விடக் கூடும் என்று கேட்டுத் திரும்பி வந்தார். முற்பணம் கொடுக்குமுன் உடன்படிக்கையில் இரண்டு வரி சேர்த்திருந்தால் போதும்: வீட்டுக்குள் புகைத்தது பற்றி விற்பவர் என்ன சொன்னார் என்பது ஒன்று, ஒப்படைக்கும்வரை புதிதாகப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது மற்றது. இரண்டாவது வரி விசித்திரமாகத் தோன்றலாம். கழுவாத சுவரில் விற்பவர் அடித்துத் தரும் மலிவு எமல்சன் உங்களுக்கு உதவியல்ல. கறையையும் கழுவ முடியாமல், புதுப் பூச்சும் நிற்காமல், வேலையை இரட்டிப்பாக்கும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது

வேலையின் ஒழுங்குதான் முக்கியம். முதலில் துணி, பஞ்சுச் சாமான் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அடுத்தது கழுவுதல். சலவைத் தூள் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரால், சுவரின் கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு வினாகிரி கலந்த தண்ணீரால் ஒரு முறை. நிக்கொட்டின் காரத்தன்மை உள்ளது; அமிலம் பட்டால் உப்பாக மாறித் தண்ணீரோடு வரும். கடைசியில் வெறும் தண்ணீர். வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வேலைக்காரப் பிள்ளைகளுக்கு இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நன்றாகக் காய்ந்த பின் கறை தடுக்கும் அடிப்பூச்சு. இது தண்ணீர் கலந்ததாக இருக்கக் கூடாது. எண்ணெய் கலந்த பிரைமர் அல்லது அரக்கில் செய்த பிரைமர் வேண்டும். தச்சர்கள் பிரெஞ்ச் பொலிஷுக்குப் பாவிக்கிற அதே அரக்குத்தான். அது கறையையும் வாடையையும் சேர்த்து மூடிவிடும். அதன் மேலே எமல்சன் தாராளமாக அடிக்கலாம். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்ப் பூச்சு கொப்புளித்து உரியும். சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகளில் உதிரும் சுண்ணாம்பை நனைத்துச் சுரண்டி எடுத்த பிறகே எதுவும் ஒட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டின் பழைய வீடுகளில் அஸ்பெஸ்டஸ் சீலிங் தகடுகள் ஏராளம். மஞ்சளாகிவிட்டதென்று அதை உலர்ந்தபடி சுரண்டவோ, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, உடைத்து இழுக்கவோ வேண்டாம். புகை வாடையைப் போக்கப் போய் அஸ்பெஸ்டஸ் தூளைச் சுவாசிப்பது பெரிய நட்டம். உடையாத தகட்டை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, மேலே அடிப்பூச்சு கொடுத்து மூடிவிடுங்கள். பழைய எனாமல் அடித்த கதவு ஜன்னல்களும் அப்படித்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்தபடி தேய்க்க வேண்டாம்.

அலுமாரிகளின் உட்பக்கம், லாச்சிகளின் அடிப்பக்கம், பென்ட்ரிப் பலகையின் பின்பக்கம் ஆகியவற்றுக்கும் அதே அடிப்பூச்சு வேண்டும். ஏ.சி.யைக் கழற்றிக் கழுவக் கொடுங்கள். கழுவியும் வாடை வந்தால் பழைய இரும்புக் கடைக்குத்தான். மின்விசிறி, மின்குமிழ், சுவிட்ச் மூடிகள் எல்லாம் ஒரு நாள் வேலை. ஓசோன் மெஷின் வைத்து ஒரே இரவில் வாடையைப் போக்குகிறோம் என்று வருபவர்களும் உண்டு. ஓசோன் சுவாசப்பைக்குக் கெடுதியானது. சுவருக்குள் இருப்பதை அது எடுப்பதில்லை, மேலே இருக்கும் நிக்கொட்டினோடு சேர்ந்து வேறு பொருட்களை உண்டாக்குகிறது. கோப்பித்தூள், கற்பூரம், வாசனைத் தெளிப்பான் எல்லாம் வாடையின் மேல் போர்த்தும் போர்வைகள்.

வீட்டை வாடகைக்கு விடும் வியாபாரிகளுக்கும் இதே கணக்குத்தான், மறுபக்கமாக. வாடகை உடன்படிக்கையில் வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்றும், புகைத்தால் கழுவிப் பூசும் செலவு வைப்புப் பணத்தில் கழிக்கப்படும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். குடிபோகும் நாளில் சுவர், சீலிங், ஏ.சி. ஆகியவற்றைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாமல் போகும்போது சண்டை பிடித்துப் பயனில்லை. விற்பவர் நீங்களானால் சொல்லி விற்பதே இலாபம். சரக்கில் ஐபு இருந்தால் எடுத்துக் காட்டி விலை பேசுவது நம் கடைகளில் பழைய வழக்கம்தானே. சொன்ன குறைக்கு ஒருமுறை விலை குறையும். மறைத்த குறை, வாங்கியவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

என் நண்பர் சென்ற வருடம் களுபோவிலையில் தம்பிக்கு ஒரு வீடு பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் ஹோலைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் நேரே படுக்கையறை அலுமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெளியே வந்து, "நானா, இங்க யார் சிகரட் குடிச்ச?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சற்றுத் தயங்கி, "வாப்பாதான், மௌத்தாகி மூணு வருசம்" என்றார். பெயின்ட்காரரின் தாள் மறுநாள் வந்தது. நாலரை இலட்சம் கழித்துக்கொண்டு வீட்டை எடுத்தார்கள்.